டீச்சருக்கு முந்தி யாரும் தொடங்கக் கூடாது

ஜபல்பூர்
2-7-2024

அன்புள்ள நிர்மலா மதினிக்கு ஞானபூரணம் எழுதிக்கொள்வது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி காயமாட்டேன் என்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீங்களும் அண்ணனும் என் மருமகள் சண்முகப்ரியாவும் சுகம்தானே? ஏப்ரலில் சங்கரன்கோவிலுக்கு வந்து பிள்ளைகளுக்கு நிச்சயம் பண்ணிவிட்டுப் போனது நேற்றுப் போல இருக்கிறது. கல்யாணம் தையில்தான் என்றாலும் எனக்கு இப்போதே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீங்கள் போன் பண்ணவில்லை என்று நான் எதுவும் நினைக்கவில்லை. எனக்கும் போன் ஆகாது. அதைக் காதில் வைத்தாலே எரிச்சலாக வரும். இசக்கிராஜா பெங்களூரிலிருந்து கூப்பிட்டால்கூட எழுதி அனுப்புலே என்று வைத்துவிடுவேன். நமக்குள்ளும் கடிதமாகவே இருக்கட்டும். சம்பந்தியம்மா பழங்காலத்து ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணன் கருத்தப்பாண்டி, நிச்சயத்தன்று நடுவில் உட்கார்ந்திருந்தாரே, அந்த மீசைக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். என் வீட்டுக்காரர் போன பிறகு என் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். இந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். நீங்கள் பள்ளியில் தேசிய கீதத்தை உங்கள் வாயால் தொடங்கி வைப்பீர்கள் என்று நிச்சயத்தன்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து உங்கள் மேல் அவருக்குத் தனி மரியாதை.

முந்தாநாள் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து விறைப்பாக நின்றார். என்னவோ ஏதோ என்று பதறித் திரும்பிப் பார்த்தால் டிவியில் ஏதோ செய்திப் படம், அதில் கீதம். பாதிக் கன்னத்து நுரை வழிந்து பனியனுக்குள் போகிறது, மனுஷர் அசையவில்லை. நான் சிரித்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
ஞானபூரணம்


சங்கரன்கோவில்
13-7-2024

மரியாதைக்குரிய மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதமாகவே இருக்கட்டும் என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. எனக்கும் கொஞ்ச நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, போனில் பேச வசதியில்லை. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். இங்கே ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம்.

பெரியவரிடம் ஒன்று சொல்லுங்கள். செய்திப் படத்தின் நடுவே கீதம் வந்தால் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. பாதிச் சவரத்தில் நின்றது அவர் விருப்பம்.

எங்கள் பள்ளியில் பாட்டை மெஷினில் போடும் வழக்கம் கிடையாது. விழாத் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகள் பாடுவார்கள். முடிவில் தேசிய கீதம். அதை மட்டும் நான் தொடங்குவேன். பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். எனக்கு முந்தி யாரும் தொடங்கக் கூடாது என்பது கண்டிப்பு. ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்தால் பாட்டு சந்தைக்கடை ஆகிவிடும். ஐம்பத்திரண்டு விநாடிதான். அதற்குள் கை அசையக் கூடாது, தலை திரும்பக் கூடாது, பக்கத்தில் நிற்பவரைத் தொடக் கூடாது. தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தவும் கூடாது. 1950 ஜனவரியில் இதுதான் நாட்டின் கீதம் என்று அறிவித்த அன்று, அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர்கள் நின்று பாடிய பிறகுதான் கலைந்தார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பாடிவிட்டுத்தான் கலைய வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் காட்டு ஊர்ப் பிள்ளைகள். ஆடு மேய்த்துவிட்டு நேரே வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் கீதம் என்றால் ஈ உட்கார்ந்தாலும் தட்டமாட்டார்கள்.

பெரியவருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நிர்மலாதேவி


ஜபல்பூர்
29-7-2024

அன்புள்ள மதினிக்கு,

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடியுங்கள். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், பெரியவருக்கு மட்டும் முழங்கால் வலி.

உங்கள் பள்ளிச் சட்டத்தைப் படித்துவிட்டு எனக்குப் பயமாகிவிட்டது. என் மருமகளையும் இப்படித்தான் வளர்த்திருக்கிறீர்களா? நான் விசில் ஊதினால்தான் சமையல்கட்டுக்குள் வருவாளோ என்னவோ. பெரியவருக்குத்தான் இந்த வீட்டில் ஒரு ஜோடி கிடைக்கப்போகிறது.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். விதி இருக்கட்டும், பழக்கம் விடாது என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆகஸ்ட் பதினைந்தன்று நீங்கள் கீதம் தொடங்குவதை யாராவது போனில் படம் பிடித்தால் அனுப்பச் சொல்கிறார். மெஷினில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாம். ஒரு வாத்தியாரம்மா சொந்தக் குரலில் தொடங்கி, காட்டு ஊர்ப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடுவதைக் கேட்க ஆசையாம். ஒரு நடை யாரிடமாவது சொல்லிவையுங்கள்.

அண்ணனையும் பிரியாவையும் கேட்டதாகச் சொல்லும்,
ஞானபூரணம்


சங்கரன்கோவில்
19-8-2024

மரியாதைக்குரிய மதினிக்கு,

நலமே. பெரியவரின் முழங்காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சுதந்திர தினம் நடந்தது. கொடி ஏற்றினோம், மிட்டாய் கொடுத்தோம். நீங்கள் கேட்டபடி படம் எடுத்து அனுப்ப முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

பிரியாவுக்குப் பட்டு எடுக்க ஆவணியில் போகலாம் என்றிருக்கிறோம். என்ன நிறம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நிர்மலாதேவி


ஜபல்பூர்
3-9-2024

நிர்மலா மதினிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். பட்டு நிறம் பிறகு பார்க்கலாம்.

படம் எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படம் வந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றின் தகப்பனார் எடுத்ததாம். அது கைமாறிக் கைமாறிப் புளியங்குடியில் என் தம்பி சுடலைராஜின் போனுக்கு வந்து, அவன் பெரியவருக்கு அனுப்பிவிட்டான். நீங்கள் மைக் முன்னால் நிற்கிறீர்கள். யாரும் பாடவில்லை. பள்ளிக்கூடமே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் மணியடித்து எல்லாரையும் அனுப்பிவிடுகிறீர்கள். கீதத்தைப் பாட மறுத்த தலைமையாசிரியை என்று கீழே எழுதியிருக்கிறது.

நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பெரியவர் பார்த்ததைச் சொன்னார். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை, மனுஷர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். பனியில் நின்று அந்தப் பாட்டைப் பாடியவர் அவர். இதற்கு ஒரு பதில் வரும் வரை கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று இசக்கிராஜாவிடம் சொல்லிவிட்டார். அவன் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை.

என்ன நடந்தது மதினி? ஒரு வரி எழுதினால் போதும்.

ஞானபூரணம்


சங்கரன்கோவில்
14-9-2024

மரியாதைக்குரிய மதினிக்கு,

பெரியவர் மனம் நொந்தது என்னால்தான். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்வி அலுவலகத்திலிருந்தும் எனக்கு மெமோ வந்திருக்கிறது. கீதம் பாடாமல் விழாவை முடித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் கொடுக்கவில்லை. அடுத்த மே மாதம் ஓய்வு பெற வேண்டியவள் நான். இதை இழுத்துக்கொண்டு போனால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களுக்கும் சரி, உங்களுக்கும் சரி, என்னால் இப்போது காரணம் சொல்ல முடியவில்லை. நான் அந்தப் பாட்டை அவமதிக்கவில்லை. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

நீங்கள் பின்வாங்க நினைத்தால் நாங்கள் குறை சொல்லமாட்டோம். பிரியாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் என்னோடு சண்டை போடுகிறாள். இசக்கிராஜா தம்பி அவளிடம் முகம் கொடுத்துப் பேசினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்மலாதேவி


ஜபல்பூர்
18-10-2024

என் அருமை மதினிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாமல் உங்களைத் தவிக்கவிட்டேன். கோபத்தால் இல்லை. எழுத வேண்டியதை எழுதினால் என் குட்டும் சேர்ந்து வெளிப்படும். அந்த வெட்கத்தை விழுங்கவே இத்தனை நாளாகிவிட்டது. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை.

எனக்குக் காது கேட்காது மதினி. ஐந்தாறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது பக்கத்தில் வெடி வெடித்தால்தான் உண்டு. மகனுக்கும் பெரியவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நிச்சயத்தன்று நீங்கள் எத்தனையோ பேசினீர்கள், நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். சம்பந்தியம்மா செவிடு என்று தெரிந்தால், இந்த வீட்டில் நம் பெண் என்ன பாடுபடுவாளோ என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்று பயம். போன் ஆகாது என்று எழுதியதெல்லாம் அந்தப் பயம்தான்.

உங்கள் கடிதம் வந்த பிறகும் அந்த வீடியோவைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. புரட்டாசி கடைசியில் ஒருநாள் பெரியவர் வெளியே போயிருந்தபோது அவர் போனை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் அதில் சத்தம் வரவில்லை என்று பார்த்தார்கள். எனக்கு எந்த வீடியோவிலும் சத்தம் வராது. நான் வாயைத்தான் பார்ப்பேன். காது போனதிலிருந்து ஆட்கள் பேசுவதை வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பக்கவாட்டில் நின்று எடுத்த படம் ஆனதால் மைக் உங்களை மறைக்கவில்லை.

நீங்கள் பாடுகிறீர்கள். முதல் சொல்லிலிருந்து பாடுகிறீர்கள். நானும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு ஊர்ப் பெயரும், மலையும், ஆறும் அதனதன் இடத்தில் வருகிறது. முடிகிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து முடித்தோம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் கலங்குகிறது, கை மட்டும் அசையவில்லை. பாட மறுக்கிறவர்களுடைய கழுத்து அப்படி இருக்காது. உங்களுக்குக் குரல் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று ஜூலையில் எழுதினீர்கள், இவ்வளவு நாளா ஒரு தொண்டைக்கட்டு இருக்கும்?

பெரியவர் வந்ததும் அவரை உட்காரவைத்து, சத்தத்தை அடைத்துவிட்டுப் போட்டுக் காட்டினேன். உங்கள் வாய் அசையத் தொடங்கியதும் எழுந்துவிட்டார். முழங்கால் வலியோடு கடைசி வரை விறைப்பாக நின்றார். மீசைக்குள் வாய் சரியாகத் தெரியாது என்பதால், என்னிடம் சொல்ல வேண்டியதை எப்போதும் சிலேட்டில்தான் எழுதுவார். அன்று சிலேட்டை எடுக்கவில்லை. நான் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"பாடியிருக்காவ ஞானம். ஒரு சொல்லு விடாமப் பாடியிருக்காவ."

உங்களுக்கு என்ன நோவு என்று நான் கேட்கவில்லை. எதுவானாலும் சரி, எங்களுக்காக மறைக்க வேண்டாம். அந்த மெமோவுக்குப் பதிலைக் கொடுங்கள். பட்டு அரக்கு நிறத்தில் எடுங்கள்.

ஞானபூரணம்


சங்கரன்கோவில்
27-10-2024

அன்புள்ள மதினி,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் பிரித்துவிட்டேன். அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அழுதாலும் சத்தம் வராது, அதனால் வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இவரும் பிரியாவும் படித்தார்கள். அவள் படித்து முடித்த கையோடு சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வயிறாரச் சாப்பிட்டாள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தைராய்டு கட்டி. மே மாத விடுமுறையில் மதுரையில் ஆபரேஷன் ஆனது. கட்டியைச் சோதித்துவிட்டு, கெட்டது ஒன்றும் இல்லை என்று ஜூனிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் குரல் நரம்பு சோர்ந்துவிட்டது. பொதுவாக ஆறேழு மாதத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். கழுத்தில் கட்டி என்ற சொல் வெளியே போனால் ஊர் அதைப் புற்றுநோய் என்றுதான் முடிக்கும். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று அடுத்த பேச்சு பேசும். நிச்சயம் ஆன பெண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்க முடியாது என்று நினைத்தேன். மெமோவுக்குப் பதில் எழுதினால் ஆஸ்பத்திரிச் சீட்டை வைக்க வேண்டும். வைத்தால் மறுநாளே எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்துவிடும். பள்ளியிலும் தொண்டைக்கட்டு என்றே சொல்லிச் சமாளித்துவந்தேன். இவர் சொல்லியும் கேட்கவில்லை, பிரியா சொல்லியும் கேட்கவில்லை.

அன்று வேறு டீச்சரைத் தொடங்கச் சொல்லியிருக்கலாம். காலையில் அடுப்படியில் பாடிப் பார்த்தேன், கீற்றாகக் குரல் வந்தது. பெரியவர் கேட்டிருக்கிறாரே என்ற ஆசை வேறு. மைக் முன்னால் போய் நின்றதும் வெறும் காற்றுதான் வந்தது. பிள்ளைகள் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளையாவது முந்தித் தொடங்கிவிடாதா என்று இருந்தது. ஒருவரும் தொடங்கவில்லை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. தொடங்கியதைப் பாதியில் விடக் கூடாது என்பதும் என் சட்டம்தானே, முடிவு வரை பாடிவிட்டேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

சம்பந்தியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், எத்தனை அடக்கமானவர்கள் என்று நிச்சயத்தன்று இவரிடம் புகழ்ந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காது கேட்காததற்கெல்லாம் ஒரு பயமா மதினி? பிரியா இப்போதே வாயைத் திறந்து நிறுத்தி நிதானமாகப் பேசக் கண்ணாடி முன் பழகுகிறாள்.

நாளை காலை மெமோவுக்குப் பதில் கொண்டுபோகிறேன்.

உங்கள்,
நிர்மலா


ஜபல்பூர்
10-11-2024

அருமை மதினிக்கு,

தீபாவளி நல்லபடியாக ஆனது. கெட்டது இல்லை என்ற வரியைத்தான் முதலில் தேடிப் படித்தேன், மற்றதெல்லாம் அப்புறம். பெரியவர் இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்கள் கையில் இன்னொன்றை வைத்தார்.

உங்கள் தைரியத்தைப் பார்த்து நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது மெஷின் வாங்கிக்கொண்டேன். போட்டால் கொய்யென்று விசில் அடிக்கிறது. தட்டு விழுந்தால் நெஞ்சு நின்றுவிடுகிறது. பழகும் என்கிறார்கள், பார்ப்போம்.

மெமோ என்னவாயிற்று? உடனே எழுதவும்.

ஞானபூரணம்


சங்கரன்கோவில்
20-12-2024

அன்புள்ள மதினி,

இங்கே மார்கழிக் குளிர் வந்துவிட்டது. நாங்கள் மூவரும் சுகம், இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

மெமோ முடிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்குமே டீச்சர் என்று அதிகாரி வருத்தப்பட்டார். மேல் நடவடிக்கை இல்லை என்று நேற்று எழுத்தாக வந்துவிட்டது. படம் எடுத்த தகப்பனாரும் பள்ளிக்கு வந்தார். சேலைத் தலைப்பை விலக்கித் தழும்பைக் காட்டினேன். கும்பிட்டுவிட்டுப் போனார். ஊரில் நான்கு நாள் பேசினார்கள். பிறகு மழை பெய்தது, உளுந்துச் செடியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். நான் ஆறு மாதம் தூங்காமல் பயந்த பேச்சு அவ்வளவுதான்.

இன்னொன்று. போன வாரம் இவர் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். சீனி இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கரகரவென்று, உடைந்த குரல்தான். ஆனால் குரல். இவர் சீனி எடுக்கப் போனவர் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறார்.

கல்யாணம் பிப்ரவரி முதல் வாரம். நீங்கள் கொஞ்சம் முந்தியே கிளம்பி, குடியரசு தினத்துக்குப் பெரியவரோடு பள்ளிக்கு வர வேண்டும். நான் பாடுவேனா என்று கேட்காதீர்கள். பிள்ளைகளிடம் மட்டும் புதுச் சட்டம் ஒன்று சொல்லியிருக்கிறேன். டீச்சருக்குக் குரல் வராவிட்டால் நீங்களே தொடங்கிவிட வேண்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
நிர்மலா


புளியங்குடி
28-1-2025

அருமை மதினிக்கு,

தம்பி வீட்டுக்கு நேற்றே பத்திரமாக வந்து சேர்ந்தோம். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சுடலைராஜ் சிரிக்கிறான். உங்கள் உடைந்த குரலும் என் விசில் மெஷினும் சேர்ந்து நேரில் பேசியதில் பாதிகூடத் தேறவில்லை. முக்கியமானது எழுத்தில் இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில் உங்கள் பின்னால் நிற்கிறேன் என்று கேட்டபோது நீங்கள் காரணம் கேட்கவில்லை. மைக்கும் பிள்ளைகளும் சேர்ந்து என் மெஷின் ஊளையிட்டது, கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு எனக்கு எல்லாம் ஊமைப் படம்தான். கொடி ஏறியது. கலெக்டர் மாதிரி பெரியவர் முன்வரிசையில் விறைத்து நிற்கிறார். பிள்ளைகள் ஒருவர்கூட வாய் திறக்காமல் உங்களையே பார்க்கிறார்கள். உங்கள் புதுச் சட்டத்தைச் செயல்படுத்த யாருக்கும் மனசில்லை என்று எனக்குத் தோன்றியது. பின்னால் நிற்கிற எனக்கு உங்கள் வாய் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைப் பண்ணினேன். உங்கள் முதுகில் கையை வைத்துவிட்டேன். கீதத்தின்போது பக்கத்தில் நிற்பவரைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள், மறக்கவில்லை. பெரியவர் பஸ் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். நல்லவேளை, எனக்குக் கேட்கவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் முதலில் ஒன்றும் இல்லை. மூச்சு இழுத்தீர்கள். பிறகு அதிர்ந்தது. லேசாக, விட்டு விட்டு, அப்புறம் நிற்காமல் அதிர்ந்தது. எந்தச் சொல் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. கடைசி வரை கையை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாடினார்களாம், ஊரே கேட்டதாம். எனக்கு உங்கள் குரல் மட்டும்தான் கேட்டது மதினி.

முகூர்த்தத்தன்று சந்திப்போம்.

ஞானபூரணம்